மூன்று சிவப்பு அம்புகள்

போன மாதம் வரை என் மேசையின் மேல் இழுப்பறையில் ஒரு ராங்க் கார்டு கிடந்தது. என்னுடையதல்ல, என் பிள்ளைகளுடையதும் அல்ல. திருப்பூரில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படித்த ஒரு பெண்ணுடையது. மடிப்பில் கிழிந்துபோய், செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிப் போன பழுப்பு அட்டை. விரித்தால் உள்ளே மூன்று மதிப்பெண்களுக்குப் பக்கத்தில் அரை விரல் நீளத்துக்குச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பனியன் கம்பெனியில் ஒரு மாதம் வேலை பார்த்தவர்களுக்குக்கூட அது என்னவென்று தெரிந்துவிடும். தைத்து வந்த பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டும்படி செக்கிங் பெண்கள் ஒட்டுகிற அம்பு அது. பள்ளிக்கூட அட்டையில் அதைக் கொண்டுவந்து ஒட்டியது அந்தப் பெண்ணின் அம்மாதான்.

அவரை நாங்கள் எல்லோரும் செக்கிங் அக்கா என்றே கூப்பிட்டோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கணவரோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் திருப்பூர் வந்தவர். கணவர் லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். மங்கலம் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். நான் வேலை பார்த்த ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் மேசைகள் எட்டு இருந்தன. மற்ற ஏழு மேசையிலும் பேச்சும் சிரிப்பும் ஓடும். அக்காவின் மேசையில் மட்டும் சத்தமே இருக்காது. பனியனை எடுத்ததும் உள்பக்கமாகத் திருப்பி, கழுத்து வழியாகக் கையை விட்டு, தோளிலிருந்து அடிவரை டியூப்லைட் வெளிச்சத்தில் இழுத்துப் பார்ப்பார். பழுது கண்ணில் பட்டால் 'ச்சு' என்று ஒரு சத்தம். இடது புறங்கையில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கும் அம்புகளில் ஒன்றை உரித்து அந்த இடத்தில் வைப்பார். நல்ல துணிக்கு ஒன்றும் கிடையாது. மடித்து அந்தப் பக்கம் போட்டுவிடுவார், அவ்வளவுதான். நல்ல துணியை இரண்டாவது முறை யாரும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் செக்கிங் வேலையின் முறை.

நான் அந்தக் கம்பெனி ஆபீஸில் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் டைப் அடிக்கிறவன். ஊத்துக்குளியிலிருந்து காலையில் பாசஞ்சர் வண்டி ஏறி வருவேன். பி.எஸ்ஸி. கணிதம். பொறியியல் படிக்க வேண்டும் என்று நுழைவுத் தேர்வு எழுதி, ஒன்றரை மதிப்பெண்ணில் விட்டவன். அந்த ஒன்றரை மதிப்பெண்ணை நான் பல வருடங்கள் வாயில் பாக்கு மாதிரி அடக்கி வைத்திருந்தேன். எந்தக் கல்லூரியில் எந்த வருடம் எத்தனை மதிப்பெண்ணோடு கதவைச் சாத்தினார்கள் என்று பேப்பரில் வருகிற எல்லாவற்றையும் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைப்பேன். அது எப்படியோ வெளியே தெரிந்து, ஆபீஸில் எனக்கு 'கட்-ஆஃப் சார்' என்று பேராகிவிட்டது. கிண்டலாக ஆரம்பித்த பேர்தான். ஆனால் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் யார் வீட்டில் இருந்தாலும் டீ நேரத்தில் ராங்க் கார்டோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். டெய்லர், கட்டிங் மாஸ்டர், வாட்ச்மேன், ஒரு முறை முதலாளியே தன் மச்சான் மகனின் கார்டைக் கொடுத்து, "ஏனுங்க தம்பி, இவன் தேறுவானா பாருங்க" என்றார்.

நான் கார்டை வாங்கி, எல்லாத் தேர்வின் மதிப்பெண்ணையும் கூட்டி வகுத்துச் சராசரி எடுப்பேன். பொதுத்தேர்வில் எவ்வளவு குறையும் என்று ஒரு கழிவு போடுவேன். நுழைவுத் தேர்வில் இவ்வளவுதான் வரும் என்று ஓர் ஊகம். எல்லாம் சேர்த்து முந்நூறுக்கு ஓர் எண். பிறகு நோட்டைத் திறந்து பார்த்து, பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவேன். நான்கு வருடத்தில் நான் சொன்னது அநேகமாகத் தவறியதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பே இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஆசைப்படுகிற இடத்தில் யாரைப் பார்த்தும் 'கிடைக்காது' என்று சொன்னால் பெரும்பாலும் அது பலிக்கத்தான் செய்யும், அதற்கு பி.எஸ்ஸி. கணிதம் வேண்டியதில்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிடைக்காது என்று சொல்லும்போது எனக்குள் எங்கோ சின்னதாக ஒரு நிம்மதி இருந்தது. என்னை வெளியே நிறுத்திய கதவு இன்னொருவருக்கு மட்டும் சுலபமாகத் திறந்துவிடக் கூடாது என்ற நினைப்புதான் அது. அதற்கு நல்ல பெயர் கிடையாது.

அக்காவிடம் எனக்குப் பெரிய மரியாதை வந்தது ஓர் இன்ஸ்பெக்‌ஷன் நாளில். வெளிநாட்டுக் கம்பெனிக்காகக் கொள்முதல் செய்யும் பையிங் ஆபீஸிலிருந்து சரக்கைச் சோதிக்க ஓர் ஆள் வருவார். மெட்ராஸ்காரர், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பெட்டிகளில் அவர் கைக்கு வந்ததைப் பிரித்துப் பார்ப்பார். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பழுது கண்டால் மொத்தச் சரக்கும் ரிஜெக்ட். அன்றைக்கு அவர் பிரித்த பெட்டிகளில் கைப்பகுதியில் தையல் விட்டுப்போன பனியன்கள் ஏழெட்டு வந்துவிட்டன. பேனாவைத் திறந்துவிட்டார். முதலாளி முகம் வெளுத்துப் போனது. அக்கா அவர் அனுமதி கேட்காமலேயே அந்தப் பனியன்களை எடுத்து, உள்ளே குத்தியிருந்த பண்டல் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மேசையில் வரிசையாக அடுக்கினார். எல்லாம் ஒரே பண்டல் நம்பர்.

"சார், இம்புட்டும் ஒரே மிசின்ல தச்சது. கரண்டு போயி வந்தப்ப ஊசி மாத்தாமத் தச்சிருக்காக. இந்த ஒரு கட்ட எடுத்து வெளிய வச்சிட்டு மிச்சத்தப் பாருங்க. ஒண்ணுல பழுது இருந்தாலும் என்னைய வேலைய விட்டு அனுப்பிருங்க" என்றார்.

அந்த மனிதர் மிச்சத்தைப் பார்த்தார். ஒன்றிலும் பழுது இல்லை. சரக்கு அன்றே கன்டெய்னர் ஏறியது. பழுதை எண்ணுவது பெரிதில்லை, எல்லாம் எப்போது எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்கு நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஆபீஸுக்குத் திரும்பிப் போய் பேக்கிங் லிஸ்ட் அடித்தேன்.

அதற்கு அடுத்த பிப்ரவரி மாதத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அக்கா என் மேசைக்கு வந்தார். கையில் மூன்று காகிதங்கள் இருந்தன. முதலாவது, மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு விண்ணப்பம். மூத்த மகள் தன் கையாலேயே முத்து முத்தாக நிரப்பி, போட்டோ ஒட்டி, தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். இரண்டாவது, ஊரிலிருந்து வந்த ஒரு கடிதம். அவர்கள் சபையின் போதகர் சொல்லிவைத்ததில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரி நர்சிங் பள்ளியில் அந்தப் பெண்ணுக்கு இடம் தர ஒப்புக்கொண்டிருந்தார்கள். பிளஸ் டூ தேறினால் போதும். ஆனால் நேர்காணல் நாளில் நேரில் வந்தாக வேண்டும்; வருகிறாளா என்று ஒரு வாரத்துக்குள் பதில் எழுத வேண்டும். அந்த நேர்காணலும் நுழைவுத் தேர்வும் ஒரே நாள். ஒன்றுக்குப் போனால் இன்னொன்று கிடையாது. மூன்றாவது, அந்த ராங்க் கார்டு.

"சார், டாக்டர் சீட்டு இந்தப் பிள்ளைக்குக் கெடைக்குமா, கெடைக்காதா? நீங்க பாத்துச் சொல்றதத்தான் நான் செய்யப் போறேன். எனக்காகப் பூசி மெழுக வேண்டாம். நான் கொறைய ஒண்ணும் மறைக்கல, நானே அம்பு ஒட்டிக் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

கார்டை விரித்தேன். மூன்று அம்புகள். ஒன்று மாதத் தேர்வில் இயற்பியலைக் காட்டியது. இரண்டு காலாண்டுத் தேர்வில், வேதியியலையும் உயிரியலையும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் வேலையின் நேர்மையை மகளிடமும் காட்டியிருக்கிறாரே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அதில் என்ன கோளாறு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்பு ஒட்டிய துணி கைக்கு வந்தால் கண் வேறெங்கே போகும்? அந்த மூன்று எண்ணும் மோசமாகத்தான் இருந்தன. அரையாண்டில் மதிப்பெண் நன்றாகவே ஏறியிருந்தது. சொந்தப் பள்ளிக்கூடத்தில் திருத்துவது, கை தாராளமாகத்தான் இருக்கும் என்று அதை ஒதுக்கினேன். திருப்புதல் தேர்வில் இன்னும் ஏறியிருந்தது. அதையும் அப்படியே.

ஒரு பழைய பேக்கிங் லிஸ்ட்டின் பின்பக்கத்தில் கூட்டினேன், வகுத்தேன், கழித்தேன். நோட்டைப் புரட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் உட்காரச் சொல்லியும் அக்கா உட்காராமல், முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றார்.

"எழுதலாங்க்கா, எழுதறத யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. ஆனா சீட்டுக் கெடைக்கோணும்னா இந்த மார்க்கு பத்தாதுங்க. கைக்கு வந்ததை விட்டுப்போட்டு எட்டாததுக்குப் போக வேண்டாங்க்கா."

"ஒரு துளிகூட வழி இல்லையா சார்?"

"இல்லீங்க்கா."

நான் கணக்குப் போட்ட காகிதத்தை விரலால் தொட்டார். பிறகு, "அத எழுதிக் குடுத்துருங்க சார். ராத்திரி மனசு மாறிப் போயிரும், பாத்துக்கிடுதேன்" என்றார். கணக்கின் அடியில் 'வாய்ப்பு இல்லை' என்று எழுதி இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன். அந்த இரண்டாவது கோடு எதற்கு என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பத்தையும் கடிதத்தையும் என் காகிதத்தையும் சேர்த்து மடித்து எடுத்துப் போனார். ராங்க் கார்டு என் மேசையிலேயே தங்கிவிட்டது. பள்ளிக்கூடம் முடிகிற நேரம், திருப்பிக் கேட்பவர் யாரும் இல்லை.

மே மாதத்தில் அந்தப் பெண் நேர்காணலுக்குப் போனாள். அதற்குப் பிறகு பிளஸ் டூ முடிவு வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, அக்கா கம்பெனி முழுக்க லட்டு கொடுத்துக்கொண்டே ஆபீஸுக்கும் வந்தார். உயிரியலில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. இயற்பியலும் வேதியியலும் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியிருந்தன. நர்சிங் பள்ளியில் இவ்வளவு மதிப்பெண்ணோடு இதுவரை யாரும் வந்ததில்லை என்று போதகர் சொன்னாராம். அக்காவின் முகத்தில் சந்தோஷத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. என் கையில் லட்டு இருந்தது. வாயில் போட முடியவில்லை. நுழைவுத் தேர்வு முடிந்து வாரங்கள் ஆகியிருந்தன. எழுதாதவளுக்கு அந்த மதிப்பெண்ணால் ஒரு பயனும் கிடையாது.

அவர் போனதும் இழுப்பறையில் தேடி அந்தக் கார்டை எடுத்தேன். எங்கே தப்பினேன் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்திலும் எனக்குக் கணக்குதான் முக்கியமாக இருந்தது. மூன்று அம்பும் அடுத்தடுத்த இரண்டு வரிசையில்தான் இருந்தன. செப்டம்பர் நடுவில் ஒரு தேர்வு, அந்த மாதக் கடைசியில் ஒரு தேர்வு. உயிரியலுக்கு ஒட்டியிருந்த அம்பின் வால் பக்கத்துக் கட்டத்தை மறைத்திருந்தது. நகத்தால் மெல்ல உரித்தேன். அது மதிப்பெண் கட்டம் அல்ல, வருகைக் கட்டம். பள்ளி நடந்த நாட்கள் இருபத்து மூன்று. வந்த நாட்கள் ஒன்பது.

செக்கிங் ஹாலுக்குப் போனேன். "அக்கா, செப்டம்பர் மாசம் பாப்பா ஏனுங்க பள்ளிக்கோடம் போகலை?" என்றேன்.

"சின்னவளுக்கு மஞ்சக்காமாலைல்லா சார். பெரியாஸ்பத்திரில பதினாறு நாள் கெடந்தா. இங்க ஷிப்மெண்டு, யாருக்கும் லீவு கெடையாதுன்னுட்டாகளே. மூத்தவதான் கூட இருந்தா. அங்க ஒரு டாக்டரம்மா இவளக் கூடவே நிப்பாட்டி வச்சு, கண்ணு ஏன் மஞ்சளாச்சு, ரத்தத்துல என்ன பாக்காக, எல்லாஞ் சொல்லிக் குடுத்திருக்காக. அங்கருந்து வந்துதான் டாக்டருக்குப் படிப்பேன்னு ஆரம்பிச்சா" என்று, பனியனைத் திருப்பியபடியே சாதாரணமாகச் சொன்னார்.

ஷிப்மெண்ட் முடியும்வரை யாருக்கும் விடுமுறை இல்லை என்ற அந்த நோட்டீஸை டைப் அடித்து ஹால் வாசலில் ஒட்டியது நான். அந்த நாட்களில்தான் அந்தப் பெண்ணுக்கு அந்த ஆசையே வந்திருக்கிறது. படிக்க முடியாமல் போனதும் அந்த நாட்களில்தான். நான் அந்த நாட்களை மட்டும் பார்த்துவிட்டு, இவள் லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கார்டை அவர் மேசையில் விரித்து, உரித்த இடத்தைக் காட்டினேன். "தப்புப் பண்ணிட்டனுங்க்கா. எழுத வச்சிருக்கோணும்" என்றேன்.

அக்கா கையிலிருந்த பனியனைக் கீழே வைத்தார். கார்டைக் கிட்டத்தில் பிடித்து அந்த இரண்டு வரிசையையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பண்டலில் வந்த பழுதைப் பிடித்து மொத்தச் சரக்கையும் காப்பாற்றியவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒட்டுனது நாந்தான சார்" என்றார் கடைசியில். "அம்பு காட்டுன எடத்தத்தான நீங்க பாத்தீக." பிறகு உரிந்திருந்த அம்பை எடுத்து, அது இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டி, கார்டை மடித்து என் கையில் கொடுத்தார். "பிள்ளைட்ட இதப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லிராதீக." சரி என்றேன். மகள் வருத்தப்படுவாள் என்பதற்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு நான் அந்த நோட்டை எடுக்கவில்லை. கார்டோடு வருகிறவர்களிடம் முதலில் வருகைக் கட்டத்தைப் பார்ப்பேன். எப்போது, ஏன் என்று கேட்பேன். கடைசியில், "தேர்வை எழுதட்டுங்க" என்பேன். இவனுக்கு முன்னே இருந்த கெட்டிக்காரத்தனம் போய்விட்டது என்று சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அக்கா நிறுத்தவில்லை. தன் மேசைப் பெண்களின் பிள்ளைகளையெல்லாம் என்னிடமே அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு கார்டிலும் அம்பு ஒட்டி வந்ததில்லை. இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் சின்ன மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். நானும் அந்தக் கார்டோடு இரண்டு கம்பெனி மாறினேன், ஓய்வு பெற்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூத்த மகள் கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருக்கிறாள், அவளைக் கேட்காமல் அங்கே டாக்டர்களே ஒன்றும் செய்வதில்லை என்று கேள்விப்பட்டபோது மனம் கொஞ்சம் ஆறியது. அந்த வேலையைக் குறைத்து நினைக்க நான் யார்? ஆனாலும் அவள் கேட்டது அதையல்ல என்ற நினைப்பு, இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் வந்துவிடும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், ஊத்துக்குளியில் என் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நடுவயதுப் பெண் ஒருவர் இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோதுதான் சாயல் தெரிந்தது. அக்காவின் மூக்கும் நெற்றியும். மூத்த மகள். மூன்று மாதத்துக்கு முன்னால் அம்மா ஊரில் இறந்துபோனார் என்று சொன்னாள். எனக்குத் தகவல் தெரியாது. காப்பி வந்தது, குடிக்கவில்லை. கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தாள்.

"அம்மாவோட டிரங்குப் பெட்டியில இருந்ததுங்க சார்" என்றாள். சின்ன வயதிலேயே திருப்பூர் வந்தவள். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகிவிட்டிருந்தது. உறைக்குள் அந்த விண்ணப்பம். முத்து முத்தான எழுத்து, இரட்டைச் சடை போட்ட போட்டோ. அதற்குள் மடித்து, என் காகிதம். "பழைய கம்பெனி ஆளுங்ககிட்ட விசாரிச்சேனுங்க. இது உங்க கையெழுத்துன்னாங்க."

ஆமாம் என்றேன்.

"ஷிப்மெண்ட் அவசரத்துல தபால்ல சேர்க்க மறந்துபோச்சு, பைக்குள்ளயே கெடந்து தேதி முடிஞ்சிருச்சுன்னு அம்மா சொல்லுச்சுங்க. அழுதுட்டே சொல்லுச்சு. நான் நம்பிட்டேன். ரெண்டு வருசம் அம்மாகூடப் பேசலைங்க சார். ஹாஸ்டலுக்குப் பலகாரம் செஞ்சு எடுத்துட்டு வரும். வாங்கிட்டு, கேட்டுலயே நிக்க வச்சு அனுப்பிருவேன். அப்புறம் சரியாயிட்டோம். ஆனாலும் ஏதாச்சும் சண்டைன்னா, நீதான மறந்தேன்னு சொல்லிக் காட்டுவேனுங்க. போன வருசங்கூடச் சொன்னேன். அப்பவும் அது ஒண்ணும் சொல்லலை."

'பிள்ளைட்ட ஒண்ணும் சொல்லிராதீக' என்று அக்கா சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. படித்த ஒருவன் கணக்குப் போட்டுப் பார்த்து, உன்னால் முடியாது என்று எழுதிக் கொடுத்தான் என்று மகளுக்குத் தெரியக் கூடாது. அதற்குப் பதிலாகப் பொறுப்பில்லாத அம்மா என்ற பேர் தனக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்திருக்கிறார். நான் தப்புச் செய்தேன் என்று தெரிந்த பிறகும் அதை மாற்றவில்லை. என் பேரைச் சொல்லித் தன்னை விடுவித்துக்கொள்ள அவருக்கு முப்பது வருடம் இருந்தது. நான் அழுதேன். வயதானவன் அழுதால் எதிரே இருப்பவர்களுக்குச் சங்கடம். ஆனால் அவள் நர்ஸ். டம்ளரில் தண்ணீரை ஊற்றி என் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தாள்.

அக்காவுக்குக் கொடுத்த வாக்கை மீறி எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறையைத் திறந்து கார்டை எடுத்துக் கொடுத்தேன். விரித்ததும், "மார்க் கார்டுலயுமா ஒட்டுச்சு!" என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும், காயத்திலிருந்து பிளாஸ்திரியை எடுக்கிறவள் மாதிரி ஓரத்தில் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு உயிரியலின் அம்பை உரித்தாள். காய்ந்த பசை உடனே விட்டுக்கொடுத்தது. இருபத்து மூன்றுக்கு ஒன்பது. தங்கையின் கட்டில் பக்கத்தில் இருந்த நாட்களை அவள் மனதுக்குள் எண்ணியிருக்க வேண்டும்.

"அன்னைக்கு எழுதியிருந்தா எனக்குக் கெடைச்சிருக்குங்களா சார்?"

அம்மா நின்றுகொண்டு கேட்ட அதே கேள்வி. என்னிடம் இப்போது நோட்டு இல்லை. ஆனால் கிடைத்திருக்கும் என்று சொல்லி அவளைப் புண்படுத்தவும் முடியும், கிடைத்திருக்காது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவும் முடியும் என்பது எனக்குத் தெரிந்தது.

"தெரியலை கண்ணு" என்றேன். "உங்கம்மா வந்து கேட்டப்ப இதைத்தான் சொல்லியிருக்கோணும்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கார்டை மடித்து விண்ணப்பத்தோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என் காகிதத்தை மட்டும் மேசையில் விட்டாள். விரல் நுனியில் இருந்த சிவப்பு அம்பை, 'வாய்ப்பு இல்லை' என்று நான் எழுதியிருந்ததற்கு நேராக வைத்து ஒரு முறை அழுத்தினாள். அது ஒட்டவில்லை.

"இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க சார்" என்றாள்.

கார் போன பிறகு பசை வாங்கி வந்து, அம்பை அதே இடத்தில் ஒட்டினேன். இழுப்பறையில் இப்போது கிடப்பது அந்தக் காகிதம்தான்.